அப்பா குரலும் மூணு கலர் ஒயரும்

போன மாசம் மன்னார்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார். பெட்டியில் முறுக்கு, வடகம், அதற்கடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அக்கா கல்யாண வீடியோ கேசட், 1992.

"இதப் போட முடியுமாப்பா? அப்பா இதுல பேசுவாரு."

அப்பா தவறி ஆறு வருஷம் ஆகிறது. போட்டோ ஏகப்பட்டது இருக்கிறது. குரல்தான் எங்கேயும் இல்லை. கையில் செல்போன் வந்த பிறகும் அவரைப் பேசவைத்துப் பதிவு பண்ண எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் டெக்னோபார்க்கில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவன். "இதென்ன பிரமாதம், ஞாயித்துக்கிழமை போட்டுடலாம்மா" என்று சொல்லிவிட்டேன். தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அனுபவசாலி :-)

முதலில் டெக் வேண்டுமே! 1976-ல் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ். கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. இனி பழசுதான் கதி. சாலைக் கடைத்தெருவில் விசாரித்து விசாரித்து ஒரு ரிப்பேர் சேட்டனைப் பிடித்தேன். சாலையில் தமிழ் பேசியே காரியம் முடித்துவிடலாம் என்பது இந்த ஊரில் நமக்கு ஒரு ஆறுதல்.

அவர் கேசட்டின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். "சாரே, பூப்பல் உண்டு." நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. பூஞ்சைதான். ஈரக்காற்று பட்டால் வந்துவிடுமாம். அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டிலும் அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் கேசட்டையும் கெடுக்கும். நல்லவேளை, நான் அவசரப்படவில்லை. நாலு நாள் கழித்துத் துடைத்துக் கொடுத்தார். வாடகைக்கு ஒரு டெக்கும், ஒரு பழைய மலையாளப் படக் கேசட்டும் தந்தார். "ஆத்யம் இதப் போட்டு எல்லாம் சரியாக்கு. உங்க கேசட் எத்தன தடவ ஓடும்னு சொல்ல முடியாது. முதல் தடவையே காப்பி எடுத்துக்கோ."

இனிமேல்தான் கூத்து. டெக்கின் முதுகில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டே ஓட்டை. மஞ்சள் படம், வெள்ளை சத்தம். புது டிவியின் முதுகிலோ எச்டிஎம்ஐ மட்டும். பழைய மஞ்சள் பின் எங்கே? காணோம்! 2006-ல் ஆசையாக வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர் ரிசீவரில் மஞ்சள் பின் வரிசையாக இருக்கிறது, ஆனால் எச்டிஎம்ஐ கிடையாது.

நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. வாங்கி வந்து மாட்டினேன். டிவியில் "சிக்னல் இல்லை". கேபிளை மாற்றினேன், டெக்கைத் தட்டினேன், ஒரு மணி நேரம் போனது. பத்தாவது படிக்கும் மகள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது எச்டிஎம்ஐ-லேர்ந்து ஏவி. நமக்கு வேண்டியது ஏவி-லேர்ந்து எச்டிஎம்ஐ" என்றாள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்; வேலை நேர் எதிர். மறுபடி கடைக்கு ஓடினேன். சரியான பெட்டியும் உடனே உயிர்பெறவில்லை. அதற்குத் தனியாக 5 வோல்ட் யூஎஸ்பி கரண்ட் கொடுக்க வேண்டும்.

கடைசியில் அமைந்த வழி இது. டெக்கிலிருந்து ரிசீவர். ரிசீவரின் மானிட்டர் அவுட்டிலிருந்து மாற்றிப் பெட்டி, அங்கிருந்து டிவி. பழைய ரிசீவர்களில் ரெக்கார்டிங்குக்கு என்று இன்னொரு அவுட் இருக்கும். அதிலிருந்து யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாக லேப்டாப். பார்ப்பதும் காப்பி எடுப்பதும் ஒரே ஓட்டத்தில் முடியும்.

மலையாளப் படத்தை ஓடவிட்டேன். சத்தம் இடது ஸ்பீக்கரில் மட்டும். டெக் மோனோ ஆயிற்றே! வெள்ளையை இரண்டாகப் பிரிக்கும் ஒய் ஒயர் போட்டதும் சரியானது. ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிந்தார்கள். 4:3 படத்தை டிவி 16:9-க்கு இழுக்கிறது, செட்டிங்கில் மாற்றினேன். வசனம் முன்னால் வந்தது, வாய் பிறகு அசைந்தது. மாற்றிப் பெட்டியும் டிவியும் படத்தைப் பதப்படுத்த நேரம் எடுத்துக்கொள்கின்றன, சத்தமோ ரிசீவரிலிருந்து நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. ரிசீவர் மெனுவில் ஆடியோ டிலே என்று ஒன்று உண்டு. மில்லிசெகண்ட் கணக்கில் கூட்டிக்கூட்டி வாயையும் வசனத்தையும் சேர்த்து வைத்தேன்.

ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பில் ரெக்கார்டு, டெக்கில் ப்ளே.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்கள் உங்களுக்கே தெரியும். ரோஜாப்பூ சுற்றும், இதயத்துக்குள் மாப்பிள்ளை தெரிவார், முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு. எனக்கு அது மறந்தே போயிருந்தது. பந்தல் வாசலில் அப்பா வந்தார். வேட்டி, சந்தனம், நாற்பத்தேழு வயசு. யாரையோ கைகூப்பி வரவேற்றுப் பேசுகிறார். கேட்பது ஜோடிப் பாட்டு.

"பேசறாரு... ஒண்ணும் கேக்கலையே" என்றார் அம்மா. வால்யூமைக் கூட்டினேன். பாட்டுதான் பெரிதானது. ரிசீவர், ஒயர், டிலே எல்லாம் சரியாக இருந்து என்ன? பாட்டை மேலே பதிந்தபோதே அந்தச் சத்தம் அழிந்துவிட்டது. அதை எந்தப் பெட்டியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. பாத்திரச் சத்தம், ஒரு குழந்தை அழுகை, அப்புறம் காட்சியிலேயே இல்லாத ஒரு குரல்:

"ஏய், கடைசி எலைக்கு சாம்பார் போகலப்பா, பாரு!"

உடனே அடுத்த பாட்டு வந்துவிட்டது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவருதான்."

நாடாவை ரீவைண்ட் பண்ண மனசு வரவில்லை. கேசட் முடியும்வரை பொறுத்திருந்து, லேப்டாப்பில் அந்த இடத்தைத் தேடி எடுத்தோம். ஒன்பது விநாடி. அம்மா எத்தனை தடவை கேட்டார் என்று நான் எண்ணவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். போனில் வந்தவள், "கடைசிவரைக்கும் சாம்பார் கவலதான் அவருக்கு" என்று சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம். வெள்ளைப் பொடி இருந்தால் துடைக்காமல் போடாதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க: நம்மூர்க் கேசட் பால் முறை, அந்த ஊர் சாதாரண டெக் என்டிஎஸ்சி. பல முறைகளையும் ஓட்டும் டெக்தான் வேண்டும். காப்பியை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே போனை எடுத்து, "சாம்பார் எப்படி வைக்கணும்?" என்று கேட்டுப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு ஒயர் எதுவும் தேவையில்லை.