மணிக்கட்டின் குறுவாயில்

கையின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் விரல்களையே புகழ்வர். எழுதுவதும், வீணை மீட்டுவதும், மலர் தொடுப்பதும் விரல்களின் செயலென்றே உலகம் எண்ணுகின்றது. ஆயினும், விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே முன்கையில் அமைந்துள்ளன. பொம்மலாட்டக்காரன் மறைவில் நின்று கயிற்றால் பாவையை ஆட்டுவதுபோல, அவை தொலைவில் நின்று நாண்களால் விரல்களை இயக்குகின்றன. ஐயமுறுவோர் இடக்கை விரல்களை வலக்கை மணிக்கட்டின் உட்புறத்தே மெல்ல வைத்து, வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பாராக. தோலுக்கடியில் நாண்கள் அசைவதைத் தாமே உணர்வர்.

அந்நாண்கள் உள்ளங்கைக்குட் புகும் வாயில் மிகக் குறுகியது. சிற்றெலும்புகள் எட்டு இரு வரிசையாய் வில்போல் வளைந்து, அதற்குத் தளமும் சுவருமாய் நிற்கின்றன. வலிய நார்ப்பட்டை ஒன்று குறுக்கே படர்ந்து கூரையாகின்றது. இதன் வழியே ஒன்பது நாண்கள் செல்கின்றன: பெருவிரலுக்கு ஒன்று, ஏனைய நான்கு விரல்களுக்கும் இவ்விரண்டு. அவற்றோடு நடுநரம்பு என்பதும் செல்கின்றது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அணிவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் தொடுவுணர்வை மூளைக்கு உணர்த்துவது இந்நரம்பே. சுண்டுவிரலுக்குரிய நரம்போ இக்கூரைக்குக் கீழே நுழையாமல் அதன் மேலாகச் செல்கின்றது.

இச்செய்தியின் அருமையை யான் அறிந்தது என் அன்னையார் நோயினால். பல்லாண்டு தையல் வேலை செய்த கை அவர்களுடையது. நள்ளிரவில் விரல்கள் மரத்து எரிய, விழித்தெழுந்து இருளில் கையை உதறிக்கொண்டிருப்பார்கள். இரத்தக் குறைவென்றார் ஒருவர். வயதின் தளர்ச்சியென்றார் மற்றொருவர். மருத்துவரோ, "சுண்டுவிரலும் மரத்துப்போகின்றதா, அம்மா?" என்று வினவினார். "இல்லை, அது ஒன்றே தப்பிற்று" என்றார்கள் அன்னையார். பின்னர் அவர் இரு மணிக்கட்டுகளையும் உள்நோக்கி மடக்கிச் சிறிது நேரம் வைத்திருக்கச் செய்தார். ஒரு நிமிடத்துக்குள் மரமரப்புத் தோன்றிற்று. நோவது விரல், நோயின் இடமோ மணிக்கட்டு என்பது அப்பொழுது விளங்கிற்று.

இவ்வாயில் அசைவற்றதொரு குழாயன்று. விரல்களை நன்றாய் நீட்டிப் பின் முற்றும் மடக்கினால், நாண்கள் ஏறக்குறைய ஓர் அங்குலம் முழங்கையை நோக்கி இழுபடுகின்றன. அவற்றுக்கு இடம் விட்டு, நடுநரம்பு ஒரு புறம் விலகித் தன் வடிவத்தையும் மாற்றிக்கொள்கின்றது. இதனை இக்காலத்து ஒலியலைக் கருவிகள் கண்ணெதிரே காட்டுகின்றன. அன்றியும், உள்ளங்கையில் நாண்களைப் பற்றி நிற்கும் மெல்லிய தசைகள் சில உள. கையை இறுக மூடுங்கால் அவையும் நாணோடு இழுபட்டு வாயிலுட் புகுந்து நெருக்கத்தை மிகுவிக்கின்றன. மணிக்கட்டும் வளைந்திருப்பின் நெருக்கம் பின்னும் பெருகும். நாண்களைச் சூழ்ந்த சவ்வு தடித்துவிட்ட கையில், நரம்பு முன்போல் எளிதாய் விலகவும் இயலாது. உறங்குவோர் தம்மையறியாமல் மணிக்கட்டை மடக்கிக் கிடத்தலின், இரவில் துன்பம் மிகுகின்றது.

1854-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பேஜட் என்னும் ஆங்கில மருத்துவர், மணிக்கட்டருகே எலும்பு முறிந்ததால் இந்நரம்பு நெருக்குண்டமையைக் குறித்து எழுதினார். 1913-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவராகிய பியர் மாரியும் சார்ல் ஃபுவாவும், இறந்த ஒருவரின் கையை ஆராய்ந்து, நார்ப்பட்டைக்கு மேற்பகுதியில் இந்நரம்பு வீங்கியிருக்கக் கண்டனர். அப்பட்டையைப் பிளந்துவிடின் நோய் நீங்கக்கூடும் என்றும் கருதினர். இன்று செய்யப்படும் அறுவை மருத்துவமும் அதுவே.

என் அன்னையார்க்கு அறுவை வேண்டியதில்லாயிற்று. இரவில் மணிக்கட்டை நேராய் நிறுத்தும் கட்டு ஒன்றே சில வாரங்களில் உறக்கத்தை மீட்டுத் தந்தது. எல்லார்க்கும் தொழிலே காரணமென்பதும் பொருந்தாது. நீரிழிவு, தைராய்டுச் சுரப்பின் குறைவு, கருவுற்ற காலம் ஆகியவற்றாலும் இந்நோய் வருதல் உண்டு.

தேர்வுக்கெனப் பக்கம் பக்கமாய் எழுதும் மாணவரும், நாள் முழுதும் தட்டெழுதும் அலுவலரும் மணிக்கட்டை வளைக்காது நேராய் வைத்துக்கொள்வதும், இடையிடையே கைக்கு ஓய்வு தருவதும் நன்று. மரமரப்பு நீங்காது தொடருமாயின் வாளாவிருத்தல் தகாது. நெருக்கம் நீடிப்பின் பெருவிரலின் அடித்தசை மெலிந்துபோம். ஊசி பிடிக்கும் வன்மையும் பொத்தானிடும் வன்மையும் குன்றும். அங்ஙனம் மெலிந்த தசை பின்னர்ப் பழைய நிலையை அடைதல் அரிது. விரல் தன் குறையைச் சொல்லும்பொழுதே மணிக்கட்டை நோக்குதல் அறிவுடைமையாகும்.