நாலடிக் குழி

ஸ்காபரோவில் அந்த வீட்டின் பின்வளவுக்குள் நான் போனபோது வேலை இன்னும் தொடங்கவில்லை. புல்தரை முழுக்கக் கோடுகள். வீட்டுச் சுவரிலிருந்து மூலைக்கு ஓடும் மஞ்சள் கோட்டின் கீழே எரிவாயுக் குழாய். பின்வேலியை ஒட்டிய செம்மஞ்சளின் கீழே தொலைபேசி, இணையக் கம்பிகள். சிவப்பு என்றால் மின்சாரம், நீலம் என்றால் குடிநீர், பச்சை என்றால் கழிவுநீர். ஒன்ராறியோவில் சொந்த வளவுக்குள் ஒரேயொரு தூண் நடுவதென்றாலும் முதலில் 'ஒன்ராறியோ வன் கோல்' அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். அது சட்டம். காசு கேட்க மாட்டார்கள். ஆட்கள் வந்து இப்படிக் கோடு கீறிவிட்டுப் போவார்கள். கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு மீற்றருக்குள் இயந்திரம் வைக்கக்கூடாது. கையால்தான் கிண்ட வேண்டும்.

"இதில கீறாததும் ஒண்டு இருக்கு" என்றார் வேலையை எடுத்து நடத்தும் அண்ணை. வீட்டுக்காரர் முன்பொருமுறை பின்வளவுக் கொட்டிலுக்கு இழுத்த மின்கம்பி அது. தனியார் இழுத்த கம்பிகள் நிறுவனங்களின் வரைபடத்தில் இருப்பதில்லை. கம்பி எந்தப் பக்கமாகப் போகிறது என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மறுபடி மறுபடி கேட்டார். சரியாக நினைவில்லை என்றதும், அந்தப் பக்கம் வரும் மூன்று தூண் குழிகளையும் மண்வெட்டியால் எடுப்பது என்று முடிவாயிற்று.

அண்ணை வடமராட்சிக்காரர். இங்கே வந்த புதிதில் இத்தாலியர்களிடமும் போர்த்துக்கேயர்களிடமும் கூலிக்கு நின்று தொழில் பழகியவர். ரொறன்ரோவின் கட்டட வேலைகளில் அந்த இரு சமூகங்களின் கை பெரியது. அவர்களிடம் ஏச்சு வாங்கிப் பழகிய தமிழர்கள் இன்று தனித்தனிக் குழுக்களாக வேலி, டெக், கராஜ் பாதை என்று எடுத்துச் செய்கிறார்கள். அவரோடு இரண்டு தம்பிமார். ஒருவர் மாணவராக வந்து படிப்பை முடித்தவர். மற்றவர் ஊரில் மேசன் வேலை செய்தவர்.

வீட்டுக்காரர் கேட்டது இரண்டு: உக்கிச் சரிந்த பழைய வேலிக்குப் பதில் புது வேலி; சமையலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க ஒரு டெக், அதாவது மரப்பலகைத் தளம். எந்த நிறம், எந்தப் பலகை, கைப்பிடி எப்படி என்று கைபேசியில் நிறையப் படங்கள் வைத்திருந்தார். எல்லாம் தரைக்கு மேலே தெரிகிறவை. அண்ணையின் கவலை முழுவதும் தரைக்குக் கீழே இருந்தது.

பழைய வேலியைப் பிடுங்கியபோது அந்தக் கவலையின் காரணம் தெரிந்தது. தூண்கள் இரண்டடி ஆழத்துக்குத்தான் இறங்கியிருந்தன. ரொறன்ரோவில் பனிக்காலக் குளிர் மண்ணுக்குள் ஏறக்குறைய நாலடி, 1.2 மீற்றர், இறங்கும் என்று வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஒன்பது வீதம் பருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. களிமண்ணில் நடப்பது அதைவிடப் பெரிது. உறைகின்ற இடத்தை நோக்கிக் களி கீழேயிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் படைபடையாகப் பனிக்கட்டி கட்டும். மண் தூக்கும், அதில் பிடிபட்டிருக்கும் தூணும் கூடவே எழும்பும். வசந்தத்தில் பனி கரையும்போது தூண் பழைய இடத்துக்கு முழுதாக இறங்குவதில்லை, அடியில் மண் விழுந்து இடத்தை நிரப்பிவிடும். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேலி எழும்பிச் சரிகிறது.

ஆகவே நாலடி. இரண்டு பேர் இரு பக்கமும் பிடிக்கும் பெற்றோல் துளைகருவியை இறக்கினார்கள். மேல்மண் இலகுவாக வந்தது. இரண்டடிக்குக் கீழே களி, அதற்குள் கல். கல்லில் மாட்டியதும் கருவி சட்டென்று திரும்பிப் பிடித்திருப்பவரின் விலாவில் அடிக்கப் பார்க்கும். இந்தக் கருவியால் மணிக்கட்டு முறிந்தவர்களைத் தனக்குத் தெரியும் என்று தம்பி சொன்னார். கருவியை வெளியே எடுத்து, நீண்ட இரும்பு அலவாங்கால் கல்லைக் குத்திக் கிளப்பி, மறுபடி இறக்கினார்கள். ஒவ்வொரு குழிக்கும் அண்ணை அளவுநாடாவோடு வந்து குனிந்தார். ஒரு குழி மூன்றரை அடியில் நின்றபோது தம்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"காணாது. இன்னும் போ."

"கல்லண்ணை."

"கல்லெண்டா கல்லை எடு. வேலி ஆடுதெண்டு போன் வந்தா நான்தானே வரவேணும்."

அந்த அரையடி மற்றக் குழியொன்று முழுவதற்கும் எடுத்த நேரத்தை எடுத்தது. கூலி கொடுப்பவர் வீட்டுக்குள் இருந்தார். குழியைப் பார்க்க அவர் வரவில்லை. நான் அந்த இடத்தில்தான் இந்தத் தொழிலை மதிக்கத் தொடங்கினேன்.

ஆழம் மட்டும் போதாது, குழியின் வடிவமும் முக்கியம். வாய் அகன்ற குழிக்குள் கொங்கிறீற்றை ஊற்றினால் மேற்பகுதி காளான் போல விரியும். பனி அந்த விரிவின் கீழே பிடித்துத் தூக்கும். அதனால் மேற்புறம் அட்டைக்குழாய் வைத்து, பக்கங்கள் வழுக்கலாக நிற்கும்படி வார்த்தார்கள். அடியில் கொஞ்சம் சரளைக்கல், தண்ணீர் இறங்குவதற்கு. தரைக்கு மேலே கொங்கிறீற்றின் தலையைக் கரண்டியால் சரிவாக வழித்துவிட்டார் மேசன் தம்பி, மழைத்தண்ணீர் தூணடியில் தேங்காமல் ஓட. மரத்தூண் உக்குவது பெரும்பாலும் மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் இடத்தில்தான்.

இதற்கெல்லாம் முன்னரே, எல்லைக்கு நூல் பிடிக்கும் முன், நிலஅளவை வரைபடத்தை விரித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வெளியே வந்து நின்றார். எல்லை எது, உயரம் எவ்வளவு என்று கேட்டார். ரொறன்ரோவில் பின்வளவு வேலி பொதுவாக இரண்டு மீற்றருக்கு மேல் போகக்கூடாது. அண்ணை அவருக்கு நூலைக் காட்டி, பழைய தூண் நின்ற குழியைக் காட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும்படி பலகை அடிப்பதாகச் சொன்னார். அந்த அம்மா தலையசைத்துவிட்டு, தன் பூசணிக் கொடியை வேலிக்கரையிலிருந்து தானே எடுத்து ஒதுக்கிவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பேச்சு ஊர் வேலிக்குப் போயிற்று. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, பனைமட்டை வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டும் யாழ்ப்பாணத்து வேலி. கதியால் தழைத்து மரமாகும். குழையை வெட்டி ஆட்டுக்குப் போடலாம், தோட்டத்தில் பசளையாகப் புதைக்கலாம். ஓலை உக்கினால் அதுவும் பசளை. அடைக்கும் நாளில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று, குத்தூசியால் கயிற்றை வாங்கிக் கொடுத்துக் கட்ட வேண்டும். ஒரு கதியால் தள்ளி நட்டதற்கு வழக்காடிய வீடுகளும் உண்டு. அயல்வீட்டுப் பிள்ளைகள் வந்துபோக வேலியில் பொட்டு விட்ட வீடுகளும் உண்டு.

"அங்க வருசா வருசம் அடைக்கவேணும். அதால வருசா வருசம் பக்கத்து வீட்டோட கதைக்கவேணும்" என்றார் அண்ணை. "இங்க ஒருக்காப் போட்டா இருபது வருசம் கதைக்கத் தேவையில்லை."

அவர் அதை நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை.

பிறகு மரம் வந்து இறங்கியது. பச்சை படர்ந்த, ஈரம் வற்றாத, கனமான பலகைகள். அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம் இது. முன்பு செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றினார்கள். ஆர்சனிக் பற்றிய அச்சத்தால் 2003 முடிவோடு வீட்டுப் பாவனை மரத்தில் அதைக் கைவிட்டார்கள். இப்போதுள்ள மருந்தில் செம்பு தூக்கல். செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும் என்பதால் தடிப்பாக நாகம் பூசிய ஆணியும் திருகாணியும்தான் பாவிக்க வேண்டும். பலகையை அறுத்தால் உள்ளே மருந்து ஏறாத வெள்ளை மரம் தெரியும். அந்த முகத்துக்குத் தூரிகையால் மருந்து பூச வேண்டும். இரு தம்பிமாரும் ஒவ்வொரு அறுப்புக்கும் பூசினார்கள். இதைப் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. விட்டது தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

2021இல் மரத்தின் விலை வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. பெருந்தொற்றில் வீட்டுக்குள் அடைபட்ட சனம் எல்லாம் பின்வளவைப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. பேசிய விலைக்குச் செய்து கொடுத்துக் கைக்காசை இழந்த கதையை அண்ணை சுருக்கமாகச் சொன்னார். நீட்டிச் சொல்ல விரும்பவில்லை.

டெக் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. வேறொருவர் குறைந்த விலை சொன்னாராம்: வீட்டுச் சுவரிலேயே மரச்சட்டத்தைப் பூட்டி, ஒரு வரிசைத் தூணை மிச்சம் பிடித்து. இங்குள்ள பல வீடுகளில் வெளியே தெரிகிற செங்கல் ஒரு போர்வைச் சுவர்தான். வீட்டின் பாரத்தை உள்ளேயுள்ள மரச்சட்டகம் தாங்குகிறது. அந்தச் செங்கல்லில் தளத்தின் பாரத்தை ஏற்றக்கூடாது. சுவரோடு சரியாகப் பூட்டாத தளங்கள் ஆட்களோடு சேர்ந்து விழுந்த விபத்துகள் வட அமெரிக்காவில் நிறைய. அண்ணை சுவரைத் தொடாமல், சுவர்ப்பக்கமும் தனித் தூண் வரிசை வைத்தார். தளம் தரையிலிருந்து 60 சென்றிமீற்றருக்கு மேலே நின்றதால் நகரசபை அனுமதியும் எடுத்தாயிற்று, கைப்பிடி வேலியும் கட்டாயம். கைப்பிடிக் கம்புகளுக்கிடையில் பத்துச் சென்றிமீற்றருக்கு மேல் இடைவெளி விடமுடியாது. குழந்தையின் தலை புகக்கூடாது என்பதற்கான அளவு அது.

குறுக்கு மரங்களைத் தாங்கும் இரும்புத் தொட்டில்களில் ஒவ்வொரு துளைக்கும் ஆணி அடித்துக்கொண்டிருந்த தம்பியிடம் பனிக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பனி வழிக்கிற வண்டியில் இரவு வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்குள் சுவர்ப்பலகை பூட்டும் வேலை என்றார். முன்பு நின்ற இடத்தில் கையில் காசாகக் கொடுத்தார்கள்; முழங்கால் பிசகியபோது ஒரு சதமும் வரவில்லை. ஒன்ராறியோவில் கட்டட வேலையாளுக்கு வேலையிடக் காப்புறுதி கட்டுவது முதலாளியின் கடமை. கட்டியதற்கான சான்றிதழை வீட்டுக்காரர் கேட்டு வாங்கலாம். பலகையின் நிறத்துக்கு ஒரு கிழமை யோசிக்கிறவர்கள் இந்தத் தாளைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். குழி தோண்டுகிறவரின் முதுகும் அந்த விலைக்குள் இருக்கிறது.

நான் புறப்படும்போது அண்ணைக்கு அழைப்பு வந்தது. பிக்கரிங்கில் இருந்து யாரோ அடிக்கு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். அவர் விலை சொல்லவில்லை. "கதவடி நிலத்தில இருந்து எத்தினை அடி? பின்னால களியா மணலா? மழை பெஞ்சா தண்ணி எங்க நிக்குது? காஸ் மீற்றர் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கிடந்த பலகைத் துண்டொன்றில் பதில்களை எழுதத் தொடங்கினார்.