இல்லாத படியில் கால் வைத்த அம்மா



இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கட்டுரை கற்பித்தல், பயிற்சித்தாள் தயாரித்தல் ஆகியவை குறித்தே எழுதி வருகிறேன். இன்று சற்று வேறான செய்தி. கடந்த பள்ளி விடுமுறையில் இரண்டு நூல்களை மாற்றி மாற்றிப் படித்தேன். ஒன்று, பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் காஸ்தோன் பாஷ்லார், இடத்தைப் பற்றியும் நினைவைப் பற்றியும் எழுதிய 'வெளியின் கவித்துவம்'. 1964இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியின் துணையோடு படித்தேன். மற்றொன்று, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரண்டையும் ஒருசேரப் படிக்க வைத்தவர் என் அம்மா.

அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. மறதி நோய் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தரைவீட்டில் பதினைந்து ஆண்டுகளாக எங்களோடு வாழ்கிறார். ஓர் இரவு அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே சென்றவர், படியிறங்குவது போலக் காலை நீட்டி வைத்துத் தடுமாறி விழுந்துவிட்டார். எங்கள் வீட்டின் பின்வாசலில் படியே இல்லை. தரை சமமாக இருக்கும். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தோட்டத்து லயத்து வீட்டில்தான் பின்வாசலில் மூன்று படிகள் இருந்தன.

"அம்மா, இங்க படி இல்லம்மா" என்றேன்.

"இல்லியா? யாரு எடுத்தா?" என்று கேட்டார்.

தூக்கக் கலக்கமும் பயமும் சேர்ந்து எனக்குச் சினம் வந்துவிட்டது. "அது தோட்டத்து வீடும்மா. அத இடிச்சி எத்தனையோ வருசமாச்சி!" என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். வீடு இடிந்த செய்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர் போல அழுதார். மறுநாள் காலையில் அவர் அதனை மறந்துவிட்டார். என்னால் மறக்க இயலவில்லை.

இந்த மனநிலையில்தான் பாஷ்லாரின் நூலைக் கையில் எடுத்தேன். 1884இல் பிறந்த இவர் முதலில் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். பின்னர்த் தம் சொந்த ஊர்ப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கற்பித்தவர். அதன் பிறகே பேராசிரியர் ஆனார். நம்மைப் போல் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று அறிந்தபோது அவர்பால் ஒரு நெருக்கம் ஏற்பட்டது. வீடு, நிலவறை, பரண், அலமாரி, இழுப்பறை, பறவைக்கூடு, மூலை என எளிய இடங்களையே இயல் இயலாக எடுத்துக்கொண்டு அவர் சிந்திக்கிறார்.

அவருடைய கருத்தின் சாரம் இதுதான்: நாம் கடந்து வந்த காலத்தின் நீளத்தை நினைவு பதிவு செய்வதில்லை. எத்தனை ஆண்டுகள் ஓடின என்பதை மனம் உணர்வதில்லை. எந்த இடத்தில் இருந்தோம் என்பதையே பற்றிக்கொள்கிறது. பிறந்து வளர்ந்த வீடு மனத்தில் மட்டுமன்றி உடம்பிலும் பதிந்திருக்கிறது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்றாலும், அந்த வீட்டின் உயரமான படியில் நம் கால் இடறாது என்கிறார் அவர். அவ்விடத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். என் அம்மாவின் கால் இடறவில்லை. அது தான் அறிந்த படியில் சரியாகத்தான் இறங்கியது. அங்கே படிதான் இல்லை.

இக்கருத்து நமக்கு முற்றிலும் புதியதன்று. அகப்பாடல்களுக்கு இலக்கணம் கூறும் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. மனத்தின் உணர்வாகிய உரிப்பொருளுக்கு நிற்க ஒரு நிலம் வேண்டும் என்பதைப் பயிற்சிக் கழகத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் நாற்பது வயதைக் கடந்த பின்னரே எனக்கு விளங்குகிறது.

இனி சிங்காரத்துக்கு வருவோம். நம் பினாங்குத் தமிழர்கள் அனைவரும் படித்திருக்க வேண்டிய நாவல் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழையும் காட்சியோடு கதை தொடங்குகிறது. கதைநாயகன் பாண்டியன் தொங்கான் என்னும் மரக்கலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து, புயலில் சிக்கிப் பினாங்கு வந்து சேர்கிறான். போரும் கடலும் இத்தனை இருந்தும், அவன் மனம் மீண்டும் மீண்டும் சின்னமங்கலத்துச் சந்தைக்கும் மதுரைத் தெருக்களுக்கும் ஓடிவிடுகிறது. நடுவில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. தெருக்களும் கடைகளும்தான் வரிசையாக வருகின்றன. பாஷ்லார் விளக்கிச் சொன்னதைச் சிங்காரம் கதையில் நடத்திக் காட்டியிருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

நூலாசிரியரின் வாழ்க்கை இன்னும் வியப்பளிப்பது. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் மெடானுக்கு வேலைக்குச் சென்ற சிங்காரம், போருக்குப் பின் தமிழகம் திரும்பினார். மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியாற்றிக்கொண்டு, இளைஞர் கிறித்தவ சங்க விடுதியில் ஒற்றை அறையில் நெடுங்காலம் தனியே வாழ்ந்தார். 1972இல் வெளிவந்த இந்நாவலில், மெடானில் இருப்பவன் மதுரையை நினைக்கிறான். அதனை எழுதியவரோ மதுரையில் இருந்துகொண்டு மெடானையும் பினாங்கையும் நினைத்தவர். இருக்கும் ஊரில் இருந்துகொண்டே இல்லாத ஊரில் வாழ்வது நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறிந்துகொண்டேன்.

பாஷ்லாரிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. தாம் ஆராய்வது மகிழ்ச்சி தரும் இடங்களை மட்டுமே என்று அவரே தொடக்கத்தில் கூறிவிடுகிறார். தலைமுறைகளுக்குச் சொந்தமான வீடு அவர் காட்டும் வீடு. நம் லயத்து வீடு அப்படிப்பட்டதன்று. அது தோட்ட நிருவாகத்தின் வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் வீடிழந்து நின்றதனால்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எங்கள் தோட்டமும் பிற்காலத்தில் வீடமைப்புப் பகுதியாக மாறியது. "யாரு எடுத்தா?" என்று அம்மா கேட்டது நோயின் பிதற்றல் என்று அன்று எண்ணினேன். அது நியாயமான கேள்வி என்று இன்று எண்ணுகிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'என் வீடு' என்ற தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை நாம் அறிவோம். அடுக்குமாடியில் வாழும் பிள்ளையும், வீட்டின் முன் அழகிய பூந்தோட்டம் இருப்பதாக எழுதும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன், தன் வீட்டு அலமாரிக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கைப் பற்றி ஒரு பத்தி முழுவதும் எழுதியிருந்தான். வீட்டில் சண்டை நடக்கும்போது அங்கே போய் அமர்ந்துகொள்வானாம். 'தலைப்புக்கு ஏற்புடையதன்று' என்று சிவப்பு மையால் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். பாஷ்லார் மூலைகளுக்கென்றே ஓர் இயல் எழுதியிருக்கிறார். அதைப் படித்த இரவில் அந்த மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கிறான். அன்று அந்தத் தாளில் அவன் என்னிடம் ஏதோ சொல்ல வந்தான். நான் அதனைத் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் இப்போது "படி இல்லை" என்று நான் சொல்வதில்லை. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, விளக்கு ஒன்றும் பொருத்தியிருக்கிறோம். அவர் எழுந்து வந்தால் நானும் அருகில் அமர்ந்து, "படியில எறங்குனா அந்தப் பக்கம் என்னாம்மா இருக்கு?" என்று கேட்கிறேன். முருங்கை மரம், கோழிக்கூண்டு, குழாயடி, அதற்கப்பால் பால்மர நிரை என்று வரிசை தவறாமல் சொல்கிறார். என் பெயரைச் சில நாள் மறந்துவிடுகிறார். குழாயடிக்குப் போகும் வழியை ஒருநாளும் மறந்ததில்லை. என் மகள் அதனையெல்லாம் ஒரு வரைதாளில் படமாக வரைந்து வருகிறாள். சென்ற வாரம் அம்மா அந்தப் படத்தைப் பார்த்து, கோழிக்கூண்டு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று திருத்தினார்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் முதியவர் இருப்பார். அவர் வாழ்ந்த வீட்டின் படத்தைப் பிள்ளைகளைக் கொண்டு வரையச் செய்யுங்கள். எந்தப் பாடநூலிலும் அந்த வீடு இல்லை.