பத்து வருஷத்தில் எத்தனை கோச்? – ஒரு கணக்கு வாத்தியாரின் கணக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கிரிக்கெட் பற்றி எழுதினால் நூறு பேர் வருவீர்கள், கால்பந்து என்றால் பத்துப் பேர் வருவீர்கள் என்று தெரியும். அந்தப் பத்துப் பேருக்காகத்தான் இது. மற்றவர்களும் கடைசிவரை படித்தால் சந்தோஷம். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை சொல்லப் போகிறேன்.

நம் சென்னைக்கென்று ஒரு தொழில்முறை கால்பந்து அணி இருக்கிறது. பெயர் சென்னையின் எஃப்.சி. 2014இல் ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கியபோதே வந்தது. நேரு ஸ்டேடியம்தான் சொந்த மைதானம். காக்களூர்க்காரர்களுக்கு அது ரொம்ப வசதி. புட்லூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல், இறங்கி நடந்தால் பெரியமேடு. முதல் வருஷம் பள்ளி அணிப் பையன்களை உடற்கல்வி ஆசிரியரும் நானுமாக அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனோம். ஆட்டம் முடிந்து திரும்பும்போது ரயிலில் அவர்கள் போட்ட சத்தத்துக்கு ஆவடி வரை யாரும் தூங்கவில்லை. அன்றிலிருந்து அந்த அணியை விடாமல் பார்த்து வருகிறேன்.

ஆட்டக்காரர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்ப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவனுக்கு அது பழக்கதோஷம். பையன் தப்பாக உதைத்தால் பாதி உதை அவர் காலில்தான் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா?

முதல் கோச் மார்கோ மட்டரேஸி, இத்தாலிக்காரர். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேன் தலையால் நெஞ்சில் முட்டினாரே, முட்டு வாங்கியவர் இவர்தான். அதே ஆட்டத்தில் கோல் அடித்துக் கோப்பையையும் வென்றவர். இங்கே கோச்சாகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். 2014இல் லீக் சுற்றில் நாம்தான் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றோம்.

அடுத்த வருஷம் 2015. ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தோம். அதே சமயம் ஊரே தண்ணீரில் கிடந்தது. நம் மாவட்டத்தில் பள்ளிகள் எத்தனை நாள் மூடியிருந்தன, அரையாண்டுத் தேர்வு எப்படி ஜனவரிக்குத் தள்ளிப்போனது என்று அப்போது படித்தவர்களுக்கு மறந்திருக்காது. வெள்ளத்தால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த மைதானம் இல்லாமல் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். எதிரணி கோவா, மைதானமும் அவர்களுடையது. தொண்ணூறாவது நிமிஷம் நெருங்கும்போது 1-2 என்று பின்னால் இருக்கிறோம். அப்புறம் அவர்கள் கோல்கீப்பர் கையாலேயே ஒன்று உள்ளே போயிற்று. கூடுதல் நேரத்தில் மெண்டோசா ஒன்று அடித்தார். 3-2. வெள்ளம் வடிந்த வீட்டில், சுவரில் ஈரக்கறையோடு, டி.வி. முன்னால் உட்கார்ந்து நான் கத்தியதில் பக்கத்து வீட்டம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

இந்த இடத்தில் கவனியுங்கள். பட்டியலில் கடைசியில் கிடந்தபோது நிர்வாகம் மட்டரேஸியை அனுப்பியிருந்தால் அந்தக் கோப்பை வந்திருக்குமா? யாருக்கும் தெரியாது. ஆனால் அனுப்பவில்லை என்பது மட்டும் தெரியும். 2016இல் அணி ஏழாம் இடம் வந்தது. அதோடு அவர் கிளம்பினார்.

அடுத்து ஜான் கிரிகோரி, இங்கிலாந்துக்காரர். அங்கே ஆஸ்டன் வில்லா அணியை 2000ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை கொண்டுபோனவர். வந்த முதல் பருவத்திலேயே, 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், சுனில் சேத்ரியின் பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார். நடுக்களத்தில் தனபால் கணேஷ் என்று நம் வியாசர்பாடிப் பையன். நம் ரயில் போகும் வழிதான் அவர் ஊர்.

அதற்கடுத்த பருவம்? 18 ஆட்டம், 9 புள்ளி, பட்டியலில் கடைசி.

கோச் அதே ஆள். அதே மைதானம், அதே ரசிகர்கள். ஒரு வருஷத்தில் மனிதருக்கு மூளை போய்விடுமா? கேப்டன் செரேனோ போய்விட்டார், கணேஷ் முழங்கால் காயத்தில் படுத்துவிட்டார். இதெல்லாம் பட்டியலில் தெரியாது. பட்டியலில் 9 என்று மட்டும் தெரியும்.

உங்கள் பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஞாபகம் வருகிறதா? ஒரு பேட்ச் அள்ளிக் குவிக்கும். அடுத்த பேட்ச் வாரிவிடும். வாத்தியார் அதே வாத்தியார், சாக்பீஸும் அதே சாக்பீஸ். ஆனால் தேர்ச்சி விழுக்காடு குறைந்த வருஷம் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைத்து விளக்கம் கேட்பார்கள். போன வருஷம் மாலை போட்ட அதே கைகள்தான் இந்த வருஷம் மெமோவும் நீட்டும். இரண்டையும் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நிர்வாகம் கிரிகோரிக்கு இன்னொரு பருவம் கொடுத்தது. அதுவும் சரியாகத் தொடங்கவில்லை. 2019 நவம்பர் கடைசியில் அவரே விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து ஓவன் காயில் வந்தார். அதே ஆட்டக்காரர்கள். கிரிகோரி இருக்கும்போதே வந்து சேர்ந்த லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்தார். அணி இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டது. 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ஒரு பார்வையாளர் கூட இல்லாத மைதானம். கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம். ஆளில்லாத கேலரியைப் பார்க்க எனக்கு ரிசல்ட்டைவிட அதுதான் சங்கடமாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள். இறுதிவரை போன பெருமை காயிலுக்கா, ஆள் சேர்த்த கிரிகோரிக்கா? கணக்கு வாத்தியாராக இருந்தும் இதைப் பிரித்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒருவர் நாற்று விட்டார், ஒருவர் நட்டார் என்றுதான் சொல்வேன்.

காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அங்கே 2021-22இல் லீக் ஷீல்டை வாங்கிக் கொடுத்தார். நாம் இங்கே ஆள் மாற்றிக்கொண்டிருந்தோம். ஹங்கேரிக்காரர் சாபா லாஸ்லோ ஒரு பருவம், எட்டாம் இடம். மாண்டினீக்ரோவின் பண்டோவிச் அடுத்த பருவம். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் அவரை அனுப்பினார்கள். அந்தப் பருவமும் எட்டு. ஜெர்மனியின் தாமஸ் பர்டாரிச் ஒரு பருவம், அதுவும் எட்டு. மூன்று பேர், மூன்று நாடு, ஒரே இடம்! பிறகு 2023இல் பழைய காயிலையே திரும்ப அழைத்தார்கள். ஆறாம் இடம் பிடித்துப் பிளே ஆஃப் போனார். அடுத்த பருவம் பதினொன்று. 2025இல் அவரும் போனார். அவருக்குப் பின் கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். ஒடிசா அணிக்கு 2023 சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

வரிசையில் ஒருவரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பண்டோவிச் போனபோது பாக்கி ஆட்டங்களை யார் பார்த்துக்கொண்டது? சபீர் பாஷா. நம் ஊர் இந்தியன் வங்கி அணியில் ஆடியவர், இந்தியாவுக்கு ஆடிய முன்கள வீரர். பல வருஷம் அங்கே உதவிப் பயிற்சியாளர். வெளிநாட்டுக்காரர் வருவார், போவார், இவர் மாறாமல் நிற்பார். பருவத்தின் நடுவில் வண்டி குடைசாய்ந்ததும் இவர் கையில் 'இடைக்கால' என்று ஒரு வார்த்தையோடு கொடுத்தார்கள். பருவம் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

இந்த 'இடைக்கால' என்ற வார்த்தைக்கு நம் துறையில் 'பொறுப்பு' என்று பெயர். எட்டு மாதம் நான் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தேன். சாவிக்கொத்து நம்மிடம் இருக்கும். கழிவறைக் குழாய் உடைந்தாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பெயர்ப்பலகையில் பெயர் ஏறாது. புதியவர் வந்த அன்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குப் போனேன். வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதனால்தான் அந்தச் சில வாரங்கள் சபீர் பாஷாவின் முகம் டி.வி.யில் வரும்போதெல்லாம் எழுந்து கிட்டே போய்ப் பார்ப்பேன்.

எதிர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. சி.எஸ்.கே. 2008இல் கெப்ளர் வெஸல்ஸ் கோச், அப்போது பிளெமிங் ஆட்டக்காரர். 2009இலிருந்து பிளெமிங்தான் கோச். தடை இருந்த 2016, 2017 போக மற்ற எல்லா வருஷமும் அவர்தான். ஐந்து கோப்பை. 2020இல் ஏழாம் இடம் வந்தபோது நீங்கள் என்னென்ன எழுதினீர்கள் என்று நான் மறக்கவில்லை. மறுவருஷம் கோப்பை வந்ததும் பட்டாசு வெடித்ததும் நீங்கள்தான். 2025இல் கடைசி இடம் என்றதும் மறுபடி ஆரம்பித்துவிட்டீர்கள்.

இன்னும் பழைய கதை ஒன்று. சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், நம்மைப் போலப் பள்ளி வாத்தியார். 1950இலிருந்து இந்திய அணியின் கோச். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றோம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. ஒன்றுக்குப் பத்து! இன்றைக்கு என்றால் விமானம் தரையிறங்குவதற்குள் ஆள் மாறியிருப்பார். அவரை மாற்றவில்லை. அதற்குப் பிறகுதான் ஷூ கட்டாயம் என்று ஆனது. 1956 மெல்போர்னில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம். தலையில் தையலோடு ஜர்னைல் சிங் கோல் அடித்தார், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து பீட்டர் தங்கராஜ் கோல்கம்பத்தில் நின்றார். ரஹீம் சாரும் அப்போது புற்றுநோயாளி. 1963 ஜூனில் காலமானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இதுவரை தங்கம் வாங்கவில்லை.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஞாயிறு நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். மேலே சொன்ன அந்த ரயில் பயணத்தில் வந்த பையன்களில் ஒருவர். பகலில் சிட்கோவில் ஒரு பட்டறையில் ஷிஃப்ட், மாலையில் ஒரு தனியார் பள்ளியில் கால்பந்துப் பயிற்சி. பந்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை வைத்துத்தான் தொடங்கினார். ஒன்பது மாதம் ஆகியிருந்தது. குறுவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே 0-4. மறுவாரம், 'நாளையிலிருந்து வரவேண்டாம் தம்பி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி.

"நாலு கோல் வாங்கினது உண்மைதான் சார். ஆனா போன வருஷம் இதே பசங்க பதினொரு பேரா சேரவே இல்ல சார்" என்றார். அப்புறம் காபி ஆறும்வரை பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "விட்டுடட்டுமா சார்?"

விடாதே என்றேன். சொல்வது சுலபம், எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அவருக்கு மாதம் அந்தச் சில ஆயிரம் பெண் குழந்தையின் பள்ளிக் கட்டணம். அதனால் வாயால் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை, இதை எழுதுகிறேன்.

உங்களில் பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் கம்பெனி நடத்துபவர்கள், எச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் தொழிற்சாலைகளுக்கு அணி இருக்கிறது. குடியிருப்புச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. வாரம் நாலு நாள் மாலை, பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தர ஒரு கோச் வேண்டுமென்றால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். திருவள்ளூர், மணவாளநகர், வேப்பம்பட்டு வரை அவரால் வரமுடியும். டூவீலர் இருக்கிறது. ஒரே நிபந்தனை, அது என் நிபந்தனை, அவருடையது அல்ல: மூன்று வருஷம் என்று எழுதிக் கொடுங்கள். நடுவில் 0-4 வரும். வந்தால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், நானே வந்து பிள்ளைகளோடு பேசுகிறேன்.

முழங்கால் இப்போது பரவாயில்லை, கேட்டவர்களுக்கு நன்றி. அடுத்த சென்னை ஆட்டத்துக்குப் பேரனோடு போகலாம் என்றிருக்கிறேன். புட்லூரிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஒரே பெட்டியில் ஏறிவிடலாம்.