சிவனொளிபாத மலையும் வெனிஸ் வணிகரும்

அட்டன் நகரிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி நோக்கிச் செல்லும் பாதை மலைநாட்டு மக்கள் நன்கறிந்த பாதையாகும். இருமருங்கும் தேயிலைச் சரிவுகள். இடையிடையே லயங்கள், தொழிற்சாலைகள், சிறு கோயில்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை அடைந்ததும், கூம்பிய கோபுரம்போல் எழுந்து நிற்கும் சிவனொளிபாத மலை கண்ணுக்குத் தோன்றுகிறது. இதன் உயரம் 7,359 அடி. சைவர் சிவபெருமானின் திருவடி என்றும், பௌத்தர் புத்தபிரானின் திருவடி என்றும், இஸ்லாமியர் பாவா ஆதமின் பாதச் சுவடு என்றும் போற்றும் சுவடொன்று இதன் உச்சியில் உள்ளது. நான்கு சமயத்தாரும் ஒரே படியில் ஏறும் மலை உலகில் வேறெங்கே உண்டு?

இம்மலைக்கும், நெடுந்தொலைவிலுள்ள இத்தாலி நாட்டின் கடலோரக் குடியரசுகளுக்கும் தொடர்புண்டு என்றால் வாசகர்கள் வியப்படையலாம். சீன தேசத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து, கடல் வழியாகத் தாயகம் திரும்பி, 1295-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரை அடைந்தவர் மார்க்கோ போலோ. அவர் தமது நூலில் இலங்கையின் மாணிக்கங்களையும் நீலக் கற்களையும் புகழ்வதோடு, இரும்புச் சங்கிலிகளைப் பற்றியே ஏறவேண்டிய செங்குத்தான மலையொன்றையும் வருணிக்கிறார். அது இம்மலையே. பின்னர் 1344-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு இங்கு ஏறிய இபுனு பதூதாவும் அச்சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளார்.

போலோவின் நூல் பிறந்த இடம் எது தெரியுமா? சிறைச்சாலை! கடற்போரில் பிடிபட்ட அவரை ஜெனோவா நகரத்தார் சிறையில் அடைத்தனர். 1298-இல் அங்கே அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பீஸா நகரத்து ருஸ்திகெல்லோ என்னும் மற்றொரு கைதி. வெனிஸ், ஜெனோவா, பீஸா ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அழிக்க முயன்ற வணிகக் குடியரசுகள். அம்மூன்றின் பகைமையும் கூடிய ஒரு சிறைக்கூடத்தில்தான் நம் மலையின் பெயர் ஐரோப்பாவின் ஏட்டில் ஏறிற்று.

இக்குடியரசுகளுள் நெடுங்காலம் நிலைத்தது வெனிஸ். உப்பங்கழியின் நடுவே சேற்றுத் தீவுகளில் அமைந்த அந்நகருக்கு உழுவதற்கு நிலமில்லை. உப்பும் மீனுமே ஆதியில் அதன் செல்வம். ஆயினும் கீழ்த்திசை மிளகையும் பட்டையும் அலெக்சாந்திரியாவில் வாங்கி ஐரோப்பாவெங்கும் விற்று அது பெருநகராயிற்று. அதன் தலைவனாகிய டோஜ் மன்னனல்லன், தேர்ந்தெடுக்கப்பட்டவன்.

வெனிஸின் வளர்ச்சிக்குக் காரணமான ஓர் ஏற்பாட்டை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கொலெகான்ஸா என்று பெயர். முதலாளி ஒருவர் பணம் தருவார்; கையில் காசில்லாத இளைஞன் ஒருவன் கப்பலேறிச் சென்று வாணிகம் செய்வான். பணம் முழுவதும் முதலாளியுடையதாயின், இலாபத்தில் முக்காற்பங்கு அவருக்கு, காற்பங்கு இளைஞனுக்கு. இரண்டு மூன்று பயணங்களில் அந்த இளைஞனும் முதலாளியாகலாம். உழைத்தவனுக்கும் பங்குண்டு என்ற இவ்விதியே புதிய குடும்பங்களை உயர்த்தி, ஆட்சி மன்றத்திலும் அமர்த்திற்று.

ஆனால், உயர்ந்தவர்கள் தாம் ஏறிய ஏணியைப் பின்னால் வருவோருக்கு விட்டுவைக்க விரும்பவில்லை. 1297-ஆம் ஆண்டில் பெருமன்றத்தின் கதவு சாத்தப்பட்டது. அதில் முன்பே இடம்பெற்றிருந்த குடும்பங்களுக்கே அவ்வுரிமை என்பது படிப்படியாக நிலைபெற்றது. காலப்போக்கில் இலாபமிக்க கடல் வாணிகமும் அவர்கள் கைக்குள்ளேயே சுருங்கிற்று. 1797-இல் நெப்போலியனின் படைக்கு முன் போரின்றிப் பணிந்து அக்குடியரசு மறைந்தது.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். இங்கும் கடல் கடந்து வந்த மக்கள் உண்டு. உலகச் சந்தைக்குச் செல்லும் சரக்கும் உண்டு. முதலில் கோப்பி, அது 1869 முதல் இலைநோயால் அழியத் தொடங்கவே, தேயிலை. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் மலைநாடெங்கும் பரவிற்று. அதற்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கும் முற்பணம் கொடுக்கப்பட்டது. ஆனால் அம்முற்பணம் பங்காகவில்லை, கடனாயிற்று. கங்காணியின் கடன் கணக்கைக் குறித்த "துண்டு" என்னும் சீட்டு, தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குக் கடனோடு கைமாற்றிற்று. 1921-ஆம் ஆண்டில்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வெனிஸில் சாத்தியது போன்ற ஒரு கதவு இங்கும் சாத்தப்பட்டது. 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய தோட்ட மக்களில் பெரும்பாலோர், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையையும், அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்தனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருகரைகளிலும் பிரித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறிற்று. குடியிருக்கச் சொந்த நிலமும் வீடும் வேண்டுமென்ற கோரிக்கையோ இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

பணம் போட்டவனுக்கும் பாடுபட்டவனுக்கும் இடையே பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதே ஒரு நாட்டின் விதியைத் தீர்மானிக்கிறது. பங்கு கொடுத்த நாளில் வெனிஸ் வளர்ந்தது. கதவை அடைத்தபின் அதன் வளர்ச்சி ஒரு சிலரின் வளர்ச்சியாயிற்று. மலைநாட்டுப் பள்ளிகளில் பயிலும் மாணவர்கள் உலக சரித்திரத்தைப் படிக்கும்போது, இதனைத் தூரதேசத்துக் கதையென்று தள்ளிவிடலாகாது. சிவனொளிபாத மலையின் படிகளில் முன்னே ஏறியவர் பின்னே வருபவருக்குக் கைகொடுப்பது வழக்கம். அவ்வழக்கம் மலையடிவாரத்துத் தோட்டங்களிலும் பரவுமாயின், அதுவே அம்மலைக்கு நாம் செய்யும் மெய்யான வழிபாடாகும்.