குளம்புக் குழிகளுக்கு ஒரு சைக்கிள்

மயிலாப்பூரில் மலை சைக்கிள் வைத்திருப்பவனை யார் பார்த்தாலும் கேட்பது, “மலை எங்க சார் இருக்கு?” என்றுதான். பறங்கிமலை இருக்கிறது, முந்நூறு அடி உயரம், ஏறுவதற்குப் படிக்கட்டு. அதை விட்டால் பல்லாவரம், நன்மங்கலம் பக்கம் குவாரிக்காரர்கள் வெட்டியது போக மிஞ்சிய குன்றுகள். இப்படிப்பட்ட ஊரில் பல வருஷம் ஹார்ட்டெயில் ஓட்டிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் வாங்கக் கிளம்பினேன். ஹார்ட்டெயில் என்பது முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக்கப்சர் வைத்தது. பின்பக்கம் வெறும் சட்டம். தரையில் இருக்கும் மேடுபள்ளம் அப்படியே சீட்டுக்கு ஏறி வரும்.

வீட்டில் சொன்ன காரணம் முதுகுவலி. வலி பொய்யில்லை, ஆனால் காரணம் அது இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனில் கனடாவின் விஸ்லர் மலையில் இளவட்டங்கள் பாறைக்குப் பாறை தாவி இறங்கும் வீடியோக்களைப் பார்ப்பது என் வழக்கம். அந்தச் சைக்கிள்களின் தடித்த முன் ஃபோர்க்கும், சட்டத்தின் வயிற்றில் செருகியிருக்கும் பின் ஷாக்கும் என்னை என்னவோ செய்தன. நான் தாவப்போவதில்லை என்பது எனக்கே தெரியும். அடுக்குமாடி வாசலில் அப்படி ஒன்று நின்றால் எப்படி இருக்கும் என்பதுதான் என் கற்பனை முழுவதும். அம்மா மட்டும் விலையைக் கேட்டுவிட்டு, “இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டரை வாங்கிண்டு முதுகை வலிக்காம வச்சுக்கலாமேடா” என்றாள். பதில் இல்லாததால் வேறு பேச்சுக்குத் தாவினேன்.

மந்தைவெளியில் என் ஹார்ட்டெயிலைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் இன்னும் கடுமை. “டபுள் ஷாக்கப்சரா? வேணாம் சார். ஆறு மாசத்துல பின்னாடி ஆட ஆரம்பிச்சிடும்.”

“இது அந்த மாதிரி இல்லண்ணே.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லி வாங்குறாங்க.”

அவர் பயத்தில் நியாயம் உண்டு. பத்துப் பதினைந்து வருஷமாக நம் தெருக்களில் பையன்கள் ஓட்டும் டபுள் ஷாக் சைக்கிள்களைப் பாருங்கள். கனத்த இரும்புச் சட்டம், நடுவில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு சுருள் ஸ்பிரிங், அவ்வளவுதான். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும்புவதை அடக்க உள்ளே ஒன்றும் இல்லை. நிஜமான ஷாக்கில் ஸ்பிரிங்கோ காற்றோ பாதி வேலைதான் செய்யும். மீதியைச் செய்வது சின்னத் துளைகள் வழியாகத் தள்ளப்படும் எண்ணெய். அந்த எண்ணெய்தான் அதிர்ச்சியைச் சூடாக்கிக் கரைக்கிறது. எண்ணெய் இல்லாத வண்டியில் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஸ்பிரிங்குக்குள் போய்த் துள்ளலாக வெளியே வரும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பின்கட்டின் மூட்டுகளிலும் பேரிங்குக்குப் பதில் புஷ். தேய்ந்ததும் ஆடத்தான் செய்யும். அவர் பார்த்தது எல்லாம் இவற்றைத்தான். அவரிடம் இதை விளக்கப் போய், வாங்கவே போகாத ஒரு சைக்கிளுக்கு நான் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தேன்.

வாங்கவே போகாத சைக்கிள் என்றேன். என் மனசில் இருந்தது பின்சக்கரம் 150 மில்லிமீட்டர் மேலெழும்பக்கூடிய ரகம். செங்குத்து இறக்கத்துக்கென்று முன் ஃபோர்க்கை நன்றாகச் சாய்த்து, 65 டிகிரியோ அதற்கும் குறைவாகவோ வைத்திருப்பார்கள். இறக்கத்தில் அது உயிர்காக்கும். சமதரையில் மெதுவாகப் போனால் முன்சக்கரம் அங்கும் இங்கும் அலையும். இந்த ரகத்தைக் கனவு கண்டவன் எப்படி 120 மில்லிமீட்டர் சைக்கிளோடு வீட்டுக்கு வந்தேன் என்பதைச் சொல்ல, நான் ஓட்டும் தரையைச் சொல்லியாக வேண்டும்.

ஞாயிறு விடியலுக்கு முன் ஆர்.கே. மடம் சாலையில் கிளம்பி, மெட்ரோ ரயில் தடுப்புகளுக்குள் நெளிந்து, அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூர் வழியாகக் கேளம்பாக்கம் போய் தையூர் ஏரிப் பக்கம் இறங்குவேன். தார் மட்டுமே முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் ஏரிகள் மாசிக்கு மேல் ஓரத்திலிருந்து வற்றத் தொடங்கும். ஈரம் இருக்கும்போது அந்தச் சேற்றில் மாடுகள் மேய்ந்து நடக்கும். பங்குனி வெயில் அந்தச் சேற்றைச் சுட்டுவிடும். அதற்குப் பிறகு ஏரிப்படுகை முழுக்கக் குளம்புக் குழிகள்தான்: நாலு விரல் ஆழம், கல் மாதிரி விளிம்பு, எட்டிய தூரம்வரை. மலைப்பாதையில் பாறை வரும், போகும். நடுவில் மூச்சு விடலாம். குளம்புக் குழியில் இடைவெளியே கிடையாது. ஹார்ட்டெயிலில் உட்கார்ந்து போனால் சீட் முதுகெலும்பைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பெடல்மேல் எழுந்து நிற்பேன். நின்றால் முதுகு தப்பிக்கும், முட்டி மாட்டும். பின்சக்கரம் குழிக்குக் குழி எகிறி, பிடிப்பு இல்லாமல் பாதி மிதி வீணாகும். திரும்பி வரும்போது அடையாறு பாலத்தின் ஏற்றமே மலையாகத் தெரியும். சென்னைக்காரனுக்கும் ஒரு மலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்டு மலைகளுக்குப் போகலாமே என்பார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் அத்தனை உயிர்கள் போன பிறகு வனத்துறை கட்டுப்பாடுகளை இறுக்கியது. 2024-இல் அரசே ஆன்லைனில் பதிவு செய்து நடக்கும் தடங்களைத் திறந்தது. அவை நடப்பவர்களுக்கு. ஏலகிரி, ஏற்காடு எல்லாம் எனக்கு வருஷத்துக்கு ஒரு பயணம். மீதி நாள் முழுக்க ஏரிதான்.

தி.நகரில் ஒரு சந்துக்குள் இருந்த கடையில் இரண்டு சைக்கிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று குதித்துப் பார்க்கச் சொன்னார் விற்பனைப் பையன். 150 பஞ்சு மெத்தைபோல அமுங்கியது. சொக்கிப்போனேன். அந்த நேரத்தில் வீட்டில் சொன்ன பொய்க்காரணம் நினைவுக்கு வந்தது. முதுகுவலிக்காகத்தான் வாங்குகிறேன் என்பது உண்மையாகவே இருந்தால் எதைச் சோதிப்பேன்? உட்கார்ந்து மிதிப்பதைத்தான். “தம்பி, குதிக்கல. உக்காந்து ஓட்டிப் பாக்குறேன்” என்றேன். எடைக்கு ஏற்ப இரண்டிலும் ஷாக்கில் காற்றை ஏற்றித் தரச் சொன்னேன். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்கினால், எடையே எவ்வளவு அமுக்கியது என்று அந்த வளையம் காட்டும். இதை ஸாக் என்கிறார்கள். தண்டு 45 மில்லிமீட்டர் ஓடுகிறதென்றால் அதில் பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குள் அமுங்கினால் சரி. இதைப் பார்க்காமல் ஓட்டிப் பார்ப்பது, அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது.

சந்தில் கழிவுநீர் மூடிகளும் பெயர்ந்த நடைபாதைக் கற்களும் தாராளமாக இருந்தன. உட்கார்ந்தபடியே அவற்றின்மேல் விட்டேன். பிறகு தாரில் அழுத்தி மிதித்து, குனிந்து ஷாக்கைப் பார்த்தேன். 150 ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டியது. 120 ஏறக்குறைய அசையவில்லை. மிதிக்கும்போது உடம்பின் எடை பின்னால் சாய்ந்து ஷாக்கை அமுக்கப் பார்க்கும். செயினின் இழுப்பு அதற்கு எதிராக நின்று தாங்கும்படி பின்கட்டின் மூட்டு அமைந்திருக்க வேண்டும். அந்த 120-இல் அப்படி அமைந்திருந்தது. முப்பது கிலோமீட்டர் தாரில் போய் முப்பது கிலோமீட்டர் திரும்பி வருகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஹேண்டில்பாரிலிருந்தே ஷாக்கைப் பூட்டும் லீவர் வேறு இருந்தது.

பின் சஸ்பென்ஷன் இறக்கத்துக்குத்தான் என்ற நினைப்பு எனக்கு மட்டும் இருந்ததில்லை. ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயம் நுழைந்தது 1996 அட்லாண்டாவில். பின் ஷாக் எடையைக் கூட்டும், மிதியைத் தின்னும் என்று குறுக்குநாட்டுப் பந்தயக்காரர்கள் ரொம்ப காலம் ஹார்ட்டெயிலை விடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரஸ்லாவ் குல்ஹாவி இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள 29 அங்குலச் சக்கர சைக்கிளில் வந்து, ஹார்ட்டெயிலில் வந்த சுவிஸ் வீரர் நீனோ ஷூர்ட்டரை ஒரே ஒரு வினாடியில் முந்தினார். லண்டனுக்கு வெளியே புல்மேட்டில் பாறை கொட்டி உண்டாக்கிய பாதை அது, ஆல்ப்ஸ் இல்லை. நாலு வருஷம் கழித்து ரியோவில் ஷூர்ட்டரே பின் ஷாக் உள்ள சைக்கிளில் தங்கம் வாங்கினார். கரடுமுரடான தரையில் சக்கரம் மண்ணை விடாமல் ஒட்டியிருந்தால் மிதி வீணாகாது, அவ்வளவுதான் கணக்கு. தையூர் மாடுகளுக்கும் அது பொருந்தும்.

வேறு சில சங்கதிகளும் 120 பக்கமே சாய்ந்தன. 150-இன் சட்டத்துக்குள் ஷாக் இடத்தை அடைத்துக்கொண்டதால் ஒரு சின்னப் பாட்டிலுக்குத்தான் இடம். மே மாதம் கேளம்பாக்கத்தில் அது கிண்டல். நான் எடுத்ததில் பெரிய பாட்டில் ஒன்று உட்காரும், அடியில் இன்னொன்றைத் திருகவும் துளை உண்டு. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, இரண்டாவது மாடி; ஒவ்வொரு கிலோவும் தெரியும். மிச்சமான பணத்தில் முதல் வேலையாக டயரை மாற்றினேன். சொல்லப்போனால் நம் ஊரில் சஸ்பென்ஷனைவிட இதற்குத்தான் முன்னுரிமை. ஏரிக்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் முள் எந்த ஷாக்கையும் மதிக்காது. டியூப் இல்லாமல், உள்ளே பால் மாதிரி சீலன்ட் ஊற்றிய அகல டயர், காற்று இருபத்திரண்டு பிஎஸ்ஐ. நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். ஹார்ட்டெயில் வைத்திருப்பவர் இதை மட்டும் செய்தாலே பாதி வலி போய்விடும். முழு சஸ்பென்ஷன் வாங்கியவன் சொல்கிறேன்.

விலையைச் சொல்ல வாய் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சைக்கிளுக்கு 2023 பட்ஜெட்டில் சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆனது. சைக்கிள்மீதான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனது 2025 செப்டம்பரில். நான் வாங்கியது இரண்டுக்கும் நடுவில். வித்தியாசத்தைக் கணக்குப் போடவில்லை. போட்டால் தூக்கம் போகும்.

ஏரிப்படுகையில் முதல் தடவை விட்டபோது மாயம் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழிகள் அப்படியேதான் இருந்தன. உட்கார்ந்தே மிதித்தேன், வேகம் குறையவில்லை, அவ்வளவுதான். மணலில் எந்த உதவியும் இல்லை. பெசன்ட் நகரிலிருந்து உடைந்த பாலத்துக்குப் போகும் மணலில் ஹார்ட்டெயில் புதைந்த இடத்தில் இதுவும் புதைந்தது. இன்னொன்றும் உண்டு. பள்ளம் வருமுன் உடம்பை லேசாக்கி, முழங்காலை மடக்கிச் சக்கரத்தைத் தூக்கிவிடும் பழக்கம் ஹார்ட்டெயில் கற்றுத்தந்தது. இப்போது நான் அதைச் செய்வதில்லை. சோம்பல் வந்துவிட்டது. அதனால் ஹார்ட்டெயிலை விற்கவில்லை. மழைக்காலத்தில் அதைத்தான் எடுக்கிறேன், பழக்கத்துக்காக மட்டும் இல்லை: சேறும் உப்புக்காற்றும் பின்கட்டின் மூட்டுப் பேரிங்குகளை அரித்துவிடும்.

அந்த அரிப்பு சீக்கிரமே வந்தது. மிதித்தால் கிரீச் என்ற சத்தம். பின்கட்டைக் கழற்றினால் பாதி பேரிங் துருவேறி இறுகிக் கிடந்தன. சைக்கிள் கம்பெனி உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காக்கச் சொன்னது. பேரிங்கின் ரப்பர் மூடியில் 6902 என்று பொறித்திருந்ததைப் பார்த்த மந்தைவெளி அண்ணன், “இது சாதா நம்பர்தான் சார், பாரிஸ்ல கெடைக்கும்” என்றார். டபுள் ஷாக் வேண்டாம் என்றவர்தான். கழற்றி வைத்திருந்த பின்கட்டை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரிமுனையில் கடைக்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு, “எந்த மோட்டாருக்கு?” என்றார். சைக்கிளுக்கு என்றேன். “சைக்கிளுக்கு இத்தனையா?” என்று சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தவர், வீடு எங்கே என்று கேட்டார். மயிலாப்பூர் என்றதும், “பீச் பக்கம். அப்போ ரெண்டு கூட வாங்கிட்டுப் போங்க சார்” என்றார்.