“அம்மாவோட காலுக்கும் சேர்த்து ஓடினேன்!”

மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருக்கும் அவருக்கு வயது 46. நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன், “சுகர் பார்டர்ல இருக்கு, தினமும் நடங்க” என்றார் டாக்டர். அவருக்குப் பகீரென்றது. சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர் அவருடைய அம்மா.

மெரினாவில் நடக்கத் தொடங்கினார். நடை மெல்ல மெல்ல ஓட்டமானது. இந்த ஜனவரியில் முதல் அரை மாரத்தான். தூரம் 21.0975 கிலோமீட்டர், முழு மாரத்தானில் சரிபாதி.

ஆரம்பத்தில் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். வேகமெடுக்க ஆசைதான். ‘ஓடிக்கிட்டே பேச முடியணும். முடியலைன்னா வேகம் ஜாஸ்தி’ என்று தோழி சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டார்.

16-வது கிலோமீட்டரில் வெயில் ஏறிவிட்டது. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயவில்லை. வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடும் தணியாது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஓரமாக நின்று காலை நீவிவிட்டார்.

“வண்டியில ஏறிக்கிறீங்களாம்மா?” என்றார் தன்னார்வலர்.

“வேணாம் தம்பி, நடந்தாவது போய்ச் சேர்ந்துடறேன்.”

கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் ஓட்டம். முதலில் தாண்டிப் போனவர்களில் சிலரும் இப்போது நடந்துகொண்டிருந்தார்கள். 3 மணி 10 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

மறுநாள் படி இறங்கும்போது தொடை வலித்தது. ஆனாலும் வழக்கம்போலக் கடையைத் திறந்தார். மெடல், கத்தரிக்கோல் மாட்டும் ஆணியில் தொங்குகிறது.

“அடுத்த மாசம் ஹெச்பிஏ1சி டெஸ்ட். மூணு மாச சராசரி சுகரைச் சொல்லிடும். அதுல பாஸ் ஆகணும், அதுதான் எனக்கு நிஜமான மெடல்” என்கிறார்.